மணி அடிக்காத வெள்ளிக்கிழமை

அப்பாவின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தபோது பின்கட்டில் ஏதோ உருண்டு விழும் சத்தம் கேட்டது. அந்தோணிமேரி முடிச்சை இறுக்கிவிட்டு ஓடினாள். கிணற்றடியில் சித்தப்பா மரியசெல்வம் கித்தாரின் கழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். அதன் உடம்பைக் கட்டிக்கொண்டு தம்பி பிலோமின்ராஜ் தரையில் கிடந்தான். சித்தப்பா அவன் விலாவில் உதைத்தார். அவன் எட்டி அவர் மணிக்கட்டைக் கடித்தான். கூடத்தில் பிணம் கிடக்கிறது, இங்கே இந்தக் கூத்து.

சண்டை போடும் நாய்களுக்குச் செய்வதைத்தான் அவளும் செய்தாள். வாளித் தண்ணீரைத் தூக்கி இருவர் மேலும் ஊற்றினாள். சித்தப்பா கையை உதறி விலகினார். பிலோமின் மட்டும் சட்டென்று குப்புறப் புரண்டு, தண்ணீர் முழுவதையும் தன் முதுகில் வாங்கிக்கொண்டான். கித்தாரின் கழுத்து வஜ்ஜிரப் பசையில் ஒட்டியிருந்தது. ஈரம் பட்டால் விட்டுப்போகும்.

“இந்தச் சனியனாலதான் எங்கண்ணன் போனாரு. இதக் கெணத்துல போட்டப்பறந்தான் பெட்டியத் தூக்க விடுவேன்” என்றார் சித்தப்பா.

சித்தப்பா சொன்னதில் பாதி நிஜம். பிலோமின் வியட்நாமில், சைகோனில் ஓர் ஓட்டலின் நடன வாத்தியக் குழுவில் இருந்தவன். காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய வருஷம் ஊர் திரும்பினான். அவன் கொண்டுவந்த ஒரே சொத்து அந்தக் கித்தார். அதுவும் வேறொருவன் வாசித்துப் பழசாக்கி விற்றது. மின்சாரத்தில் ஒலிக்கும் ஜாதி. சத்தத்தைப் பெருக்கும் வால்வுப் பெட்டியோடு சேர்த்தால்தான் அதற்குக் குரல். சேர்க்காவிட்டால் கொசு முனகுவதுபோல் இருக்கும், பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காது.

அந்த நம்பிக்கையில்தான் போன வருஷம் மோசம் போனான். அப்பா அடைக்கலத்துக்குக் கோயில்பிள்ளை வேலை. மாதா கோயில் மணிக்கயிறு அவர் கையில் இருந்தது. பெரிய வியாழன் சாயந்திரத்தோடு மணி ஊமையாகிவிடும். கர்த்தர் உயிர்க்கும்வரை மரமணிதான். கைப்பிடி வைத்த பலகை அது, ஆட்டினால் அதில் கோத்த சுத்தி இரு பக்கமும் தட்டும். பெரிய வெள்ளியன்று பெட்டியின் ஒயரைச் செருகாமல் விரலை மட்டும் ஓட்டினால் அது வாசிப்பாகாது என்று பிலோமின் நினைத்துக்கொண்டான். சத்தம் எட்டாவிட்டாலும் அப்பாவுக்குக் கண் இருந்தது. கையிலிருந்த மரமணியாலேயே அடித்தார். கித்தாரின் கழுத்து முறிந்தது. அடுத்த அடியில் பிலோமினின் தோள் எலும்பு முறிந்தது.

எலும்பு கோணலாகக் கூடியது. கித்தார் நேராகவே கூடியது. சுப்ராயன் ஆசாரியிடம் உட்கார்ந்து பிலோமின் தானே கழுத்தை ஒட்டினான். கம்பிகளுக்கு அடியில் ஒலியை வாங்கும் செம்புச் சுருள் அறுந்திருந்தது, அதை ரேடியோ பழுது பார்க்கும் தெட்சிணாமூர்த்தியிடம் கொடுத்துச் சுற்றி வாங்கினான். கம்பிகள் இந்த ஊரில் கிடைக்காது. சைகோனிலிருந்து யாரோ ஒருவர் பெட்டியில் வந்து சேர்ந்தன. அப்பா குரும்பகரம் போயிருந்த ஒரு மத்தியானம் வால்வுப் பெட்டியில் இணைத்து அக்காவுக்கு வாசித்துக் காட்டினான். வெண்கலக் குடத்துக்குள் பேசினதுபோல ஒரு கார்வை. விரலை எடுத்த பிறகும் அது அறையை விட்டுப் போகவில்லை. அன்று அவள் சந்தோஷமாக இருந்தாள்.

அப்பா இன்னொரு தரம் இதன் மேல் கை வைத்தால் கப்பலேறிவிடுவேன், திரும்ப மாட்டேன் என்று அன்றைக்கே அவளிடம் சொல்லியிருந்தான். தாயில்லாத வீட்டில் அவளுக்கு மிச்சம் அவன் ஒருவன்தான்.

நேற்று பெரிய வியாழன். மரமணிக்கு எண்ணெய் போட எடுத்த அப்பா, தான் முறித்துப் போட்ட கித்தார் முழுசாக இருப்பதைப் பார்த்துவிட்டார். பலகையை ஓங்கினார். பிலோமின் அவர் மணிக்கட்டைப் பிடித்தான். தள்ளவில்லை, திருகவில்லை, பிடித்தது பிடித்தபடி நின்றான். அப்பா தன் கையை ஒரு தரம் இழுத்துப் பார்த்தார், வரவில்லை. அப்படியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். பலகை கல்லில் விழுந்து கைப்பிடியோடு விரிசல் விட்டது. விடியும்போது உயிர் போனது.

சித்தப்பா இன்னும் விடுவதாக இல்லை. தலைமகன் தோள் கொடுக்காமல் பெட்டி போகாது, அப்பனைக் கொன்றவன் தோளும் ஆகாது, இதற்கு வழி சொல் என்று கத்தினார். துக்கத்துக்கு வந்த பெண்கள் கதவருகே கூடிவிட்டார்கள். பிலோமின் எழுந்து நின்றான். நனைந்த சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. வலது தோளில் எலும்பு புளியங்கொட்டை வைத்ததுபோல் புடைத்துத் தெரிந்தது.

அந்தோணிமேரி அந்தச் சட்டையைக் கழுத்தோடு பிடித்துக் கிழித்தாள்.

“இத ஒடச்சது யாரு சித்தப்பா? கித்தாரா?”

சித்தப்பா கடிபட்ட கையைத் துண்டில் சுற்றிக்கொண்டு வாசல் பக்கம் போனார்.

பங்குச் சாமியார் ஆள் அனுப்பியிருந்தார். இன்று பூசை கிடையாது, துக்க மணியும் கிடையாது, பிற்பகல் வழிபாட்டுக்கு முன்னால் அடக்கம் முடிய வேண்டும், பெட்டிக்கு முன்னால் யாராவது மரமணி பிடித்துப் போகட்டும் என்று. ஊரில் செத்தவர்களுக்கெல்லாம் மணி அடித்த மனுஷன். அவருக்கு இதுதான் என்று நினைத்தபோது அந்தோணிமேரிக்கு முதல்முறையாக அழுகை வந்தது.

பிலோமின் மரமணியை எடுத்து ஆட்டிப் பார்த்தான். விரிசல் வாய் பிளந்து சொத்தையாகச் சத்தம் வந்தது. பிறகு கித்தாரை மடியில் போட்டு, முறுக்காணியைத் தளர்த்தி, இருப்பதிலேயே தடித்த கம்பியைக் கழற்றினான். அதை விரிசல் மேல் நெருக்கி நெருக்கிச் சுற்றி, பல்லால் இழுத்து முடிந்தான். மறுபடி ஆட்டினான். சத்தம் கெட்டியாக வந்தது.

பெட்டியைச் சித்தப்பாவும் மற்றவர்களும் தூக்கினார்கள். பிலோமின் இடது கையால் மரமணியை அடித்துக்கொண்டு முன்னால் நடந்தான். ஊர்வலத்துக்கு அடிக்கிற அடியாக அது இல்லை. ஒவ்வொரு அடிக்கும் அவன் பல்லைக் கடித்தான். வழியில் கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். ஒரு குழந்தை பயந்து அழுதது.

கல்லறையில் மண் தள்ளி முடித்த பிறகும் அவன் நிறுத்தவில்லை. சனங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சித்தப்பா அவன் கையைப் பிடிக்கப் போனார். அந்தோணிமேரி குறுக்கே நின்றாள்.

“அடிக்கட்டும் சித்தப்பா.”

எல்லோரும் போனார்கள். அவன் அடித்தான். கடைசியில் பலகை பிளந்து, சுத்தி எகிறிப் போய் விழுந்தது. அவன் மூச்சு வாங்க நின்றான். பிறகு குனிந்து, பலகையிலிருந்து கம்பியைப் பிரித்தான். மண்ணை வேட்டியில் துடைத்தான், கோணலை விரலால் நீவினான், வளையமாகச் சுற்றி அவளிடம் நீட்டினான்.

“பத்திரமா வையிக்கா. வேற கெடைக்காது.”

பலகைத் துண்டுகள் மண்மேட்டின் மேலேயே கிடந்தன. அவள் கம்பியை முந்தானையில் முடிந்துகொண்டாள். வீடு வரும்வரை அது இடுப்பில் குத்திக்கொண்டே வந்தது.