இரண்டாம் பக்கம், நாலாவது பாட்டு

1.

இது விமர்சனமாகத்தான் தொடங்கியது. அதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். பலெர்மோவில் எங்கள் தமிழ்க் கத்தோலிக்கப் பங்கின் சஞ்சிகைக்கு நான் குடும்பக் காதல் கதைகள் எழுதுபவள். ஆசிரியர் யோசேப் அண்ணை இந்த முறை, "பிள்ளை, இது இளைஞர் இதழ். ஆக்களுக்குக் கலியாணம் கட்டி வைக்கிறதை விட்டிட்டு ஒரு பாட்டுக் கசற்றைப் பற்றி எழுதும்" என்றார்.

அதனால் ஓர் அமெரிக்கத் தென்மாநில றொக் குழுவின் முதல் தொகுப்பைத் திரும்பக் கேட்டேன். நாலு தாடிக்காரர்கள், மூன்று கிற்றார்கள், எல்லாப் பாட்டிலும் யேசு. கசற் எங்கள் பங்கைச் சேர்ந்த கொன்ஸ்ரன்ரைனுடையது. கால்சாப் பகுதியில் அவர் வேலை செய்யும் வீட்டுக்கு வந்த விருந்தாளி ஒருவர் 1991இல் விட்டுப்போனது.

முதல் வரி: கிற்றாரும் செபமும் ஒரே அறையில் குடியிருந்தால்

(வேண்டாம். பொய்யாகக் கேட்கிறது.)

2.

முதல் பக்கத்தில் பாட்டுகள் முடிந்தும் நாடா மிஞ்சுகிறது. அதில் கொன்ஸ்ரன்ரைனின் குரல். அப்போதெல்லாம் கடிதத்துக்குப் பதிலாகக் குரலைப் பதிந்து ஊருக்கு அனுப்புவோம். மன்னாரிலிருந்த றோசமலரிடம், தன்னைக் கட்டச் சம்மதமா என்று கேட்கிறார்.

"அங்கை புதுக் கசற் கிடைக்காது, இதிலையே பதிலைச் சொல்லி அனுப்பும். பாட்டுகளையும் கேளும். ரெண்டாம் பக்கத்திலை நாலாவது மட்டும் சரியில்லை, ஒரே சத்தம்."

இது எனக்குத் தெரிந்த கதைதான்; அவரே சொல்லியிருக்கிறார். கசற் திரும்பி வந்தது. அவர் குரலுக்குப் பிறகு வெறும் இரைச்சல். மாட்டேன் என்பதை அவள் இப்படிச் சொல்லிவிட்டாள் என்று எடுத்துக்கொண்டார். ஏழு வருடமாகிறது.

3.

அந்த நாலாவது பாட்டை அவர் ஒருநாளும் கேட்பதில்லை. விமர்சனம் எழுதுபவள் கேட்டுத்தானே ஆகவேண்டும்.

இரண்டு வரி பாடுகிறார்கள். டக். பிறகு ஒரு பெண்:

"நீங்கள் பிடிக்கேல்லை எண்ட பாட்டிலைதான் கதைக்கிறன். மற்றதுகள் நல்ல பாட்டு, அழிக்க மனம் வரேல்லை. எனக்கு ஓம், சம்மதம். எப்ப கூப்பிட்டாலும் வாறன். சிரிக்காதேங்கோ, பக்கத்திலை ஆடு கத்துது."

டக். மறுபடியும் கிற்றார்.

4.

விமர்சனத்தைக் கிழித்துவிட்டுக் கதையாக்கலாம் என்று நினைத்தேன். கதையில் கொன்ஸ்ரன்ரைனுக்கு ஒரு மணமகள் இருக்கிறாள். அமலினி என்று பெயர் வைத்தேன். கோவிலில் அவர்களின் திருமண ஓலை இரண்டு ஞாயிறு வாசித்தாகிவிட்டது. நாளை மூன்றாவது, கடைசி. தடை ஏதும் தெரிந்தவர்கள் அறிவிக்கவேண்டும் என்பார் பங்குச் சுவாமியார். வந்துசேர்ந்தும் கேட்கப்படாத ஒரு 'ஓம்' தடையா? (சுவாமியிடமே கேட்கலாம். கேட்டால் கதை என் கையை விட்டுப் போய்விடும்.)

முடிவு ஒன்று: அமலினி அந்தக் குரலின் மேல் செபமாலைச் செபங்களைப் பதிந்து விடுகிறாள். என் வாசகர்கள் மன்னிக்கமாட்டார்கள்.

முடிவு இரண்டு: கசற்றை அவரிடம் கொடுக்கிறாள். றோசமலர் இன்னும் காத்திருக்கிறாள். இல்லை, அவளுக்கு இப்போது மூன்று பிள்ளைகள். இல்லை, ஊரில் நடக்கிற அந்த யுத்தத்தில் அவள்

(இதை முடிக்க எனக்குத் துணிவில்லை.)

அமலினி என்று எழுதும் ஒவ்வொரு தடவையும் கை 'நான்' என்று எழுதப் போகிறது. சரி. நான்தான்.

5.

சனி பிற்பகல். ஒரேத்தோ வீதியில் என் அறைக்குக் கொன்ஸ்ரன்ரைன் வேலை முடிந்து வந்திருக்கிறார்.

"எழுதி முடிச்சிட்டீரோ?"

"ரெண்டாம் பக்கம் இன்னும் கேக்கேல்லை." பொய்.

"அப்ப சேர்ந்து கேப்பம். நாலாவது வந்தா நிப்பாட்டிப்போடுவன், இப்பவே சொல்லிப்போட்டன்."

"விமர்சனம் எழுதிறது நானெல்லோ?"

"உம்மைக் கட்டப்போறது நானெல்லோ. எனக்குக் காது வேணும்."

கசற்றைத் திருப்பிப் போட்டார். நான் விமர்சனத்துக்குக் குறிப்பெடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். எழுதிக்கொண்டிருப்பது இதைத்தான். முதல் பாட்டுக்குத் தொடையில் தாளம் போட்டார். இரண்டாவதில் என்னைப் பார்த்துச் சிரித்தார். மூன்றாவது இப்போது கடைசி அடிக்கு வந்துவிட்டது. அவர் விரல் பொத்தான் மேல் இருக்கிறது. நான் எதுவும் செய்யத் தேவையில்லை. ஏழு வருடமாக அவரே நிறுத்துகிறார். அது என் குற்றமாகாது. ஆகுமா?

அவர் கையைப் பிடிக்கவா, விடவா? நீங்கள் சொல்லுங்கள். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் மூன்று வினாடிதான்.