நூற்றுக்கு எண்பதா, நூற்றெழுபதா?

வெசி மண்டாசி என்ற பொரித்த மாவுருண்டையைத் தேநீரில் தோய்த்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. எல்லைக்கு அப்பால், ஜாம்பியாவின் சிபாட்டாவிலிருந்து அக்காவின் கணவர் மவூட்டோ. அங்கே பள்ளி ஆசிரியர்.

"என்ன கொழுந்தியா, உசுரோட இருக்கறவன கணக்குலேர்ந்தே தூக்கிட்டியே?"

"அத்தான், பத்து மணிக்குக் கூட்டம். விளையாடாதீங்க."

"நீ நேத்து அனுப்புன அட்டவணையத்தான் சொல்றேன். நான் எட்டாவதுக்குப் பாடம் எடுக்கறவன். எட்டாவது உங்க மலாவியில தொடக்கப்பள்ளி, எங்ககிட்ட இடைநிலை. ஆனா என் சம்பளம் தொடக்கக் கல்விக் கணக்குலேர்ந்துதான் வருது. நீ என் பிள்ளைங்க தலைய மட்டும் எண்ணியிருக்கே, எனக்குக் குடுக்கற காச விட்டுட்டே. அக்காகிட்ட சொல்லிடுவேன், ஆமா."

அவர் சிரித்தார். வெசி சிரிக்கவில்லை. மண்டாசி நனைந்து கோப்பைக்குள் விழுந்ததையும் கவனிக்கவில்லை.

மலாவியின் தலைநகர் லிலொங்வேயில், நாடாளுமன்றக் கல்விக் குழுவுக்கு ஆய்வு செய்து தருவது அவள் வேலை. நாற்பது பகல்நேரப் பள்ளிகளில் பெண்களுக்கு விடுதி கட்டுவதா, அந்த நிதியை வெட்டுவதா என்று குழு இன்று முடிவு செய்யப்போகிறது. ஓர் இடைநிலை மாணவருக்கு மலாவி நூறு செலவழித்தால் ஜாம்பியா எண்பதுதான் செலவழிக்கிறது என்று காட்டியது அவளுடைய அட்டவணை. வெட்ட நினைத்தவர்களுக்கு அதுவே கத்தி. அந்தக் கத்தியைச் சாணை பிடித்துக் கொடுத்தவள் அவள்தான்.

ஜாம்பியாவின் வரவுசெலவுப் புத்தகத்தைத் திறந்தாள். எட்டு, ஒன்பதாம் வகுப்புகளின் செலவு வேறொரு தலைப்பின்கீழ் பதுங்கிக் கிடந்தது. சேர்த்துக் கூட்டினாள். நம்ப முடியாமல் மறுபடி கூட்டினாள். எண்பது இல்லை, நூற்றெழுபது.

யாருக்கும் தெரியாது. பேசாமல் இருந்தால் அவள் பெயர் பிழைக்கும். ஆனால் வீடு தொலைவு என்பதால் பள்ளிக்குப் பக்கத்தில் பூட்டில்லாத வாடகை அறைகளில் நான்கைந்து பேராகப் படுத்துறங்கும் பெண்கள்? புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

கூட்டத்தில் எல்லையோர ம்சிஞ்சி தொகுதி உறுப்பினர் ஜெரே அவளுடைய தாளையே ஆட்டிக்கொண்டிருந்தார். "பக்கத்து நாட்டுக்காரன் எண்பதுல பள்ளிக்கூடம் நடத்துறான். நமக்கு மாளிகை கேக்குதா?"

வெசி எழுந்தாள். "அம்மா, அந்த அட்டவணை தப்பு. தப்புப் பண்ணது நான்தான்."

குழுத் தலைவி கச்சிங்வே பேனாவை வைத்தார்.

"நேத்து சரியாம், இன்னிக்குத் தப்பாம்! நாளைக்கு என்ன சொல்லுவே?" என்றார் ஜெரே.

"நாளைக்கும் இதையேதான் சொல்லுவேன் ஐயா. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உங்க தொகுதிப் பசங்க எல்லை தாண்டிப்போய் எட்டாவதுல சேர்றாங்களே, எந்தப் பள்ளியில?"

"ஏன்... இடைநிலைப் பள்ளியிலதான்." சொன்ன பிறகுதான் ஜெரேவுக்கு உறைத்தது. பின்வரிசையில் யாரோ மேசையைத் தட்டிச் சிரித்தார்கள்.

வெசி புத்தகத்தை அவர் முன்னால் விரித்து, விட்டுப்போன வரியில் விரலை வைத்தாள். "இந்தச் செலவ நான் சேக்கல. சேத்தா நம்ம நூறுக்கு அவங்க நூத்தியெழுபது."

ஜெரே கண்ணாடியை மாட்டி, உதடசைத்துக் கூட்டினார். நீண்ட நேரம் ஆயிற்று. யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

"சரியாத்தான் இருக்கு," என்றார் கடைசியில். "நம்மளவிட அவன் இவ்வளவு செலவு பண்றானா? வெக்கக்கேடு!"

வாக்கெடுப்பில் பதினொரு கைகள் உயர்ந்தன. எதிர்ப்பு இரண்டே. விடுதி நிதி முழுசாகப் பிழைத்தது. தலைவி நாற்காலியை விட்டு எழுந்து, நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டார். மற்றப் பெண் உறுப்பினர்களும் சேர்ந்துகொள்ள, என்ன கலவரமோ என்று காவலர் ஓடிவந்து கதவைத் திறந்தார்.

உயர்த்திய கையை இன்னும் இறக்காமல் ஜெரே வெசியைப் பார்த்துக் கத்தினார்: "ஏம்மா, முதல் விடுதிய ம்சிஞ்சிக்குன்னு எழுது! கணக்கச் சரிபாத்தது நானாக்கும்!"