கொக்கியில் தொங்கிய பேட்ஜ்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என் கடைவாய்ப் பல்லிலிருந்து வந்தது. வேர் சிகிச்சைக்காக நான்கு முறை எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் சென்சாரை என் வாயில் வைத்துவிட்டு, எடுக்கும் பெண் விறுவிறுவென்று சுவருக்குப் பின்னால் போய்விடுவாள். எனக்கு ஒன்றும் ஆகாதென்றால் இவள் ஏன் ஓடுகிறாள் என்று எரிச்சலாக வந்தது. (பிறகுதான் உறைத்தது: எனக்கு மொத்தமே நான்கு, அவளுக்குத் தினமும் நாற்பது.)

அந்த ஓட்டத்தை வைத்துத்தான் இந்தக் கதையின் எக்ஸ்ரேக்காரியை இட்டுக்கட்டினேன்.

2

முதல் தொடக்கம்: "ஏழு வருடம் காத்திருந்தவளின் வயிற்றில் இப்போதுதான் ஒரு—" வேண்டாம். அழுமூஞ்சித் தொடக்கம்.

இரண்டாவது: "கடிதம் வந்தது." இது பரவாயில்லை. எக்ஸ்ரே எடுப்பவர்கள் மேல்கோட்டில் ஒரு பேட்ஜ் குத்தியிருப்பார்கள். மேலே பட்ட கதிர்வீச்சை அது சேர்த்து வைக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்கு அனுப்புவார்கள். அவளுடையது எப்போதும் 'ஒன்றுமில்லை' என்றே திரும்பும். இந்த முறை ஓர் எண்ணும், 'விளக்கம் தரவும்' என்ற வரியும் இருந்தன. அவளுக்கு இது கர்ப்பத்தின் பத்தாவது வாரம். அது அவளுக்கும் கணவனுக்கும் மட்டுமே தெரியும்.

3

"கோட்டை எங்கம்மா மாட்டுவ?" என்று கேட்டார், கடிதத்தைப் படித்த பல் டாக்டர்.

"எக்ஸ்ரே ரூமுக்குள்ள டாக்டர். அங்கதானே கொக்கி இருக்கு."

"பேட்ஜோடயா?"

"வெக்கையா இருக்குன்னு கழட்டி மாட்டுனேன். சில நாள் அப்படியே விட்டுட்டேன் போல."

"போச்சு போ! எல்லாத்தையும் உன் கோட்டுதான் வாங்கியிருக்கு, நீ இல்ல." அவர் சிரித்தார். "இந்த டிஜிட்டல் மெஷின்ல வர்றதே கடுகளவு. நீ சுவத்துக்குப் பின்னாடிதானே நிப்ப?"

"பின்னாடிதான் டாக்டர். பெரும்பாலும்."

அந்தப் 'பெரும்பாலும்'* நான் எழுத நினைத்ததல்ல. அவளாகச் சொன்னாள். அந்தச் சொல்லை அடித்துவிடப் பார்த்தேன், மனம் வரவில்லை.

(* அழுது அடம்பிடிக்கும் குழந்தைகளுக்குச் சென்சார் நகராமலிருக்க அவளே விரலால் பிடித்துக்கொள்வாள், பொத்தானை வேறு யாராவது அழுத்துவார்கள். அது தப்பு என்று அவளுக்குத் தெரியும். பாவம் பார்த்துச் செய்தது. எத்தனை முறை? மூன்றா, எட்டா? அப்போது பேட்ஜ் அவள் மேல் இருந்ததா, கொக்கியில் இருந்ததா? அவளுக்கு நினைவில்லை. படைத்த எனக்கும் தெரியவில்லை, வெட்கக்கேடு.)

4

முடிவு ஒன்று: "எல்லாம் கோட்டின் வேலை என்று தெரிந்தது." எப்படித் தெரிந்தது? கோட்டு வாய் திறந்து சொன்னதா?

முடிவு இரண்டு: "குழந்தை பிறந்தபோது அதன்—" எழுதக் கை வரவில்லை. அது உண்மையாகவும் இருக்காது. நான் புரட்டிய புத்தகமெல்லாம், பல் எக்ஸ்ரேயில் வயிறு வரை போவது அநேகமாக ஒன்றுமில்லை என்றே சொல்கிறது. அவளும் அதையெல்லாம் படித்தவள்தான். அந்த 'அநேகமாக'தான் அவளை விடமாட்டேன் என்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. ஒரு பொய் ஆளுக்காக இவ்வளவு பயப்படுவேன் என்று நினைக்கவில்லை.

5

அதனால் இவ்வளவுதான் எழுத முடிந்தது:

மாலை கணவன் வீட்டுக்கு வந்தான். மேசைமேல் கிடந்த கடிதத்தை எடுத்துப் படித்தான். மறுபடியும் படித்தான். அவள் குழந்தைகளின் வாயில் விரல் வைத்ததையும் கொக்கியையும் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"ஒண்ணும் ஆகாதில்ல?" என்றான்.

எக்ஸ்ரே நாற்காலியில் உட்காரும் எல்லோரும் அவளிடம் கேட்கும் கேள்விதான். யோசிக்காமல் பதில் சொல்லிப் பழகிய வாய். இன்று என்ன சொல்வாள்?

நான் மூன்று நாளாக இந்த வரியிலேயே நிற்கிறேன். மேலே எழுத எனக்கு ஓடவில்லை. அவன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்க்கிறான். உங்களுக்குத் தெரிந்தால், தயவுசெய்து, நீங்கள் அவனுக்குச் சொல்லுங்கள்.