இடப்பக்கம் அமர்பவர்

மேற்கே சாய்ந்த கதிரவன், மாடிவீடுகளின் தண்ணீர்த் தொட்டிகளுக்குப் பின்னே மறையுமுன் ஊரை ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொள்வோம் என்று நின்றவனைப்போல் மஞ்சள் ஒளியைத் தெருவெங்கும் பரப்பிக்கொண்டிருக்க, பேருந்துகள் இரைந்து வந்து இரைந்து செல்ல, மருந்துக்கடையின் முன்னே மக்கள் சீட்டை நீட்டிக்கொண்டு நெருக்கியடிக்க, கூவிக் களைத்த பழவண்டிக்காரன் தன் சரக்கில் ஒன்றைத் தானே உரித்துத் தின்னத் தொடங்கும் சனிக்கிழமைப் பிற்பகல் நான்கு மணி வேளையில், அத்தெருவின் திருப்பத்திலே இரு பெருங்கட்டடங்களுக்கு நடுவே ஒடுங்கி நிற்கும் பொது நூலகத்தைக் கண்டும் காணாமற்போகிறவர்களே பலர். படிக்கும் பழக்கமுடைய அன்பரே, தாங்களாவது சற்று நின்று உள்ளே வாருங்கள். வாயிற்படிகள் மூன்று, மூன்றாவது சற்றே ஆடும், பார்த்து ஏறுங்கள்.

நுழைந்தவுடன் எதிர்ப்படும் அறிவிப்புப் பலகையைப் படித்தாலே இந்நூலகத்தின் நூலகர் எப்பேர்ப்பட்ட ஆள் என்பது விளங்கிவிடும். ஞாயிறு காலை சிறுவர்க்குக் கதைநேரம், புதன் மாலை பார்வை குன்றியோர்க்குச் செய்தித்தாள் வாசிப்பு, மாத முதல் வெள்ளியில் நூல் பரிமாற்றம் என்று, மக்களை நூல்களின் பக்கம் இழுத்துவரத் தம்மால் இயன்றதையெல்லாம் செய்து பார்த்தவர் அவர். நாற்பதைக் கடந்தும் வாய் ஓயாதவர். அவர் கூட்டிய திறனாய்வுக் கூட்டமொன்றுக்குப் பேச்சாளரையும் மின்விசிறியையும் தவிர வேறெவரும் வரவில்லை. பேச அழைத்தால்தானே வர மறுக்கிறார்கள், பேசாமலிருக்க அழைத்துப் பார்ப்போமே என்று ஒருநாள் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினார்: "பேசா வாசிப்பு. சனிக்கிழமைதோறும் நான்கு முதல் ஆறு வரை. வாருங்கள், அமருங்கள், படியுங்கள். இங்கே யாரும் யாரையும் எதுவும் கேட்கமாட்டார்கள்." அந்தக் கடைசி வரிக்காகவே ஒன்பது பேர் வந்து சேர்ந்தார்கள்.

அவ்வொன்பதின்மருள் ஒருவரே நம் கதைக்குரிய அம்மையார். அச்சகமொன்றில் முப்பத்திரண்டு ஆண்டுகள் மெய்ப்புத் திருத்தியவர். அச்சேறுமுன் தாளிலுள்ள பிழைகளைத் தேடிப் பிடித்துச் சிவப்பு மையால் குறித்துத் தருவதே அவர் தொழில். நோயுற்ற தாயைப் பார்த்துக்கொண்டதில் இளமை போயிற்று; பெண்பார்க்க வந்தவர்கள் வந்த வழியே போனார்கள்; பிறகு தாயும் போனார். துணி வெளுப்பகத்தின் மேலே இரண்டு அறைகள், ஒரு கட்டில், ஓர் அடுப்பு, கீழேயிருந்து ஓயாமல் ஏறிவரும் தேய்ப்புப்பெட்டியின் வெப்பம், இவையே அவருடைய குடும்பம். வெள்ளிக்கிழமை பால் ஊற்றுபவரிடம் "நாளைக்கு வேண்டாம்" என்று சொன்ன பிறகு, ஞாயிறு மாலைவரை தம் குரலைத் தாமே கேட்காதிருந்ததை ஒருநாள் திடீரென உணர்ந்து, சுவரைப் பார்த்து "நல்லா இருக்கியா?" என்று கேட்டுவிட்டுத் தமக்குத் தாமே வெட்கப்பட்டார். பாவம், அவர் வேறென்ன செய்வார்! நூலகத்தில் ஆண்டுக்கொருமுறை உறுப்பினர் படிவத்தைப் புதுப்பிக்கையில், "அவசரத் தேவைக்குத் தெரிவிக்க வேண்டியவர்" என்னும் இடம் வரும்போதெல்லாம் அவர் கை தயங்குவதில்லை. அளந்து வைத்தாற்போல் நேரான கோடொன்றை அங்கே கிழித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும்.

இத்தகையவருக்குப் பேசா வாசிப்பு வாய்த்தது பெரும்பேறு. வீட்டில் ஊமையாக இருப்பது வேறு. ஒன்பது பேர் நடுவே, ஒருவர் தாள் புரட்டும் ஓசையும் மற்றொருவர் செருமும் ஓசையும் காதில் விழ, வாய் திறவாதிருப்பது வேறு. அவர் எப்போதும் அமர்வது சாளரத்தை ஒட்டிய மேசையின் இடக்கோடியில். அவருக்கு வலப்பக்கத்து நாற்காலியில் வந்தமர்பவர் அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெரியவர். கைக்குட்டையை நான்காக மடித்து மேசைமேல் விரித்து, அதன்மேல் நூலை வைத்து, வரிக்கு வரி விரல் வைத்து மெல்லப் படிப்பார். அவர் படித்ததெல்லாம் ஒரே நூல், இரண்டு பெருந்தொகுதிகளாக அமைந்த ஒரு கடற்பயணக் கதை. நகைப்புக்குரிய வரி வந்தால் ஓசையின்றித் தோள் மட்டும் குலுங்கச் சிரித்துவிட்டு, நூலை ஒரு விரற்கடை இடப்புறம் திருப்பி, அவ்வரியின் கீழே விரலை வைப்பார். அம்மையார் படித்துத் தலையசைப்பார். நூல் மீண்டும் நேராகும். மழைநாளில் சாரல் அம்மையார் மீது விழுமுன்னே எழுந்து சாளரத்தைச் சாத்துபவரும் அவரே. ஈராண்டுகளில் இருவருக்குமிடையே நிகழ்ந்தது இவ்வளவுதான். ஒரு சொல் இல்லை, ஒரு பெயர் இல்லை.

அப்பெரியவர் ஒரு சனிக்கிழமை வரவில்லை. சளி பிடித்திருக்கும் என்று அம்மையார் எண்ணினார். மறு சனியும் நாற்காலி வெறுமையாகவே இருந்தது. உறவினர் வீட்டுக்குப் போயிருப்பார் என்று தேற்றிக்கொண்டார். மூன்றாஞ் சனியன்று தம் கையிலிருந்த நூலில் ஒரே பக்கத்தை நான்குமுறை படித்தும் அதில் என்ன இருந்தது என்று தெரியாமல் எழுந்து வந்தார். யாரிடம் கேட்பது, என்னவென்று கேட்பது? பெயர் தெரியாத ஒருவரைப் பற்றி, கேள்வியே கூடாது என்னும் இடத்தில் வாய் திறப்பதெப்படி? படியிறங்கும்போது மற்றொரு நினைவு அவரைச் சுருக்கென்று தைத்தது. நாளை நான் வராது போனால், என்னைக் கேட்பவர் யார்?

நான்காஞ் சனியன்று வாசிப்புத் தொடங்கும் மணி அடிப்பதற்கு முன், என்றுமில்லாத அமைதியோடு நூலகர் அம்மையாரை நோக்கி வந்தார். அவர் கையிலே கடற்பயணக் கதையின் இரண்டாந்தொகுதியும், வெளுத்து மடித்த கைக்குட்டை ஒன்றும் இருந்தன.

"அம்மா, நேத்துதான் எங்களுக்குத் தெரிஞ்சுது. திருப்பிப் போடுற பெட்டியில யாரோ இந்தப் புத்தகத்தைப் போட்டிருந்தாங்க. உள்ள ஒரு துண்டுச் சீட்டு. இதை எடுத்தவர் இறந்து இருபது நாள் ஆச்சு, வீட்டைக் காலி பண்ணும்போது கெடைச்சுதுன்னு எழுதியிருந்துச்சு. எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கக் கூடாதாம்மா? ஐயா எங்களுக்கும் வேண்டியவர்தானே. இந்தக் கைக்குட்டையைக் கடைசியா வந்தன்னிக்கு மேசையிலேயே விட்டுட்டுப் போயிட்டாரு. உங்களைவிட்டா வேற யார்கிட்ட குடுக்கறது?"

இறந்தார் என்ற சொல் முதலில் விழுந்தது. மற்றவை அதன்மேல் விழுந்தன. தம்மைப் பெரியவருடைய மனைவி என்றே இந்த மனிதர் எண்ணிக்கொண்டிருக்கிறார் என்பது அம்மையாருக்கு விளங்குவதற்குள், மற்றவர்களும் எழுந்து வந்து சூழ்ந்துகொண்டார்கள். ஈராண்டுகளாக முகமாக மட்டுமே இருந்தவர்களுக்கெல்லாம் அன்று குரல் வந்தது. "தைரியமா இருங்கம்மா" என்றார் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். இவ்வளவு பெரிய உடம்புக்குள் இவ்வளவு மெல்லிய குரலா என்று அந்நிலையிலும் அம்மையார் வியந்தார். மருத்துவமனைச் செவிலிப்பெண் அவர் கையைப் பற்றித் தன் இரு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். தாய் இறந்த நாளுக்குப் பின் அக்கையை ஒருவரும் பற்றியதில்லை. முப்பத்திரண்டு ஆண்டுகள் எவர் பிழையையும் விட்டுவைக்காத அம்மையார், கண்ணெதிரே நின்ற அவ்வளவு பெரிய பிழையைத் திருத்த வாய் திறந்து, திறந்த வாயை மூடிக்கொண்டார்.

"அடுத்த சனிக்கிழமை ஐயாவுக்காக ஒரு சின்ன நினைவுக் கூட்டம் வச்சிருக்கோம்மா. அன்னிக்கு மட்டும் பேசலாம். நீங்க ரெண்டு வார்த்தை சொல்லணும்" என்றார் நூலகர். அம்மையார் தலையசைத்தார். அந்தத் தலையசைப்புக்காக அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமன்று.

அந்த ஏழு நாள்களும் அவருக்குத் துன்பமாகவும் இருந்தன, ஒளிப்பானேன், இனிப்பாகவும் இருந்தன. கைக்குட்டையை மறுபடியும் துவைத்துக் காயவைத்துத் தேய்த்தார். கண்ணாடி முன்னே நின்று, அறுபத்துமூன்று ஆண்டுகளில் ஒருமுறையும் சொல்ல வாய்ப்பில்லாத சொற்களை, "எங்க வீட்டுக்காரர்" என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார். சொன்ன மறுகணமே உடல் கூசிற்று. அவருக்கு உண்மையிலேயே மனைவி ஒருத்தி இருந்தால்? எங்கோ ஒரு மூலையில் அழுதுகொண்டிருப்பவளின் துயரத்தை அல்லவா நான் எடுத்துக்கொண்டேன்? சொல்லாவிட்டால் களவு, சொல்லிவிட்டால், அந்தக் குரல்களும் அந்தக் கைகளும் இனித் தமக்கில்லை, அடுத்த சனிக்கிழமை முதல் அந்த மேசையில் எந்த முகத்தோடு அமர்வது? இப்படியே சனிக்கிழமையும் வந்து சேர்ந்தது.

அன்று நாற்காலிகள் வட்டமாகப் போடப்பட்டிருந்தன. மேசைமேல் கடற்பயணக் கதையின் இரண்டு தொகுதிகளும் இருந்தன. அம்மையார் எழுந்தார். கைக்குட்டையை மேசைமேல் வைத்தார். அதையே பார்த்தபடி பேசினார்.

"நான் அவரோட வீட்டுக்காரி இல்லீங்க. எனக்குக் கல்யாணமே ஆகல. அவர் பேருகூட எனக்குத் தெரியாது. போன வாரமே சொல்லியிருக்கணும். நீங்கல்லாம் வந்து பேசினீங்க, மனசு வரல. மன்னிச்சிடுங்க. அவர் எப்படிச் சிரிப்பாருன்னு தெரியும். எந்த வரிக்குச் சிரிப்பாருன்னும் தெரியும். மழை வந்தா என் பக்கத்து சன்னலைத்தான் முதல்ல சாத்துவாரு. அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது. இந்தக் கைக்குட்டையை அவங்க வீட்டு ஆளுங்ககிட்டச் சேர்த்துடுங்க."

ஓட்டுநர் தரையைப் பார்த்தார். நூலகர் எழுந்துபோய்ப் பேரேடுகளுக்கிடையே தேடி, ஒரு படிவத்தைக் கொண்டுவந்து அம்மையாரின் முன்னே வைத்தார்.

"வீட்டு ஆளுங்கன்னு யாரும் இல்லம்மா. நேத்து அவர் குடியிருந்த இடத்துக்கே போய் விசாரிச்சேன். ஒண்டிக்கட்டையாத்தான் இருந்திருக்காரு. அப்புறம் உங்ககிட்ட இதை எப்படிக் கேக்கறதுன்னு எனக்குத் தெரியல. நான் ஏன் உங்களைத் தேடி வந்தேன்னு நீங்களே பாருங்க. வீட்டுக்காரியைத்தான் கிண்டலா இப்படி எழுதியிருக்காருன்னு நெனச்சுட்டேன்."

அம்மையார் குனிந்து படித்தார். முதல் வரியில் பெரியவருடைய பெயர் இருந்தது. அதை நாம் இங்கே சொல்லப்போவதில்லை. ஈராண்டு காத்திருந்தவர் முதலில் தாமே படித்துக்கொள்ளட்டும். கீழே, "அவசரத் தேவைக்குத் தெரிவிக்க வேண்டியவர்" என்னும் இடத்தில், வரிக்கு வரி விரல் வைத்துப் படிக்கும் மனிதருக்கேற்ற நிதானமான எழுத்தில் எழுதியிருந்தது: "சனிக்கிழமை என் இடப்பக்கம் அமர்பவர்."

அம்மையார் அதைப் படித்தார். பழக்கம் விடாமல் இன்னொருமுறை படித்தார். திருத்துவதற்கு அதிலே ஒன்றுமில்லை. அதன்பிறகுதான், ஏழு நாளும் யாருடையதோ என்று அஞ்சி அடக்கிவைத்திருந்த அழுகை, தமக்கே உரியது என்று தெரிந்ததும் வெளிப்பட்டது. செவிலிப்பெண் மீண்டும் வந்து கையைப் பற்றினாள். அழுது ஓய்ந்தபின், நூலகர் தயங்கித் தயங்கி மற்றொரு படிவத்தை நீட்டினார். அம்மையாருடையது, அம்மாதமே புதுப்பிக்க வேண்டியது. எழுதிக்கொண்டே வந்த பேனா, வழக்கமாகக் கோடு கிழிக்கும் இடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டது. அவ்விடத்தில் எழுதுவதற்கு உலகில் ஒருவர் இருந்திருக்கிறார். இருந்தவரை அது தெரியவில்லை.

"என் பேரை எழுதிக்கோங்கம்மா" என்றாள் செவிலிப்பெண்.

"எழுதறேன்மா. இன்னிக்கு வேண்டாம். அடுத்த வாரம் எழுதறேன்" என்று சொல்லி, அந்த இடத்தைக் கோடு கிழிக்காமலே விட்டு, அம்மையார் படிவத்தை மடித்தார்.

அன்பரே, கேளாதிருப்பதும் ஒருவகை அன்புதான். தனித்திருப்பவர்கள் அதை நாடியே பல இடங்களுக்கு வருகிறார்கள். ஆயினும், தங்கள் பக்கத்து நாற்காலியில் நெடுநாளாக ஒருவர் அமர்ந்திருந்தால், நூலை மூடும் வேளையிலேனும் அவர் பெயரைக் கேட்டு வையுங்கள். நாற்காலி வெறுமையான பின் கேட்கும் கேள்விக்கு விடை படிவங்களில்தான் கிடைக்கிறது.

மறு சனிக்கிழமை நான்கு மணிக்கு மணி அடித்தது. எட்டுத் தலைகளும் குனிந்தன. அம்மையார் கைக்குட்டையை நான்காக மடித்து விரித்து, அதன்மேல் கடற்பயணக் கதையின் இரண்டாந்தொகுதியை வைத்து, பெரியவர் அடையாளம் வைத்திருந்த பக்கத்திலிருந்து படிக்கலானார். அங்கிருந்து ஆறாம் பக்கத்தில் கப்பல் தலைவனின் தொப்பியைக் கடற்பறவை ஒன்று கவ்விக்கொண்டு போயிற்று. அம்மையாரின் தோள்கள் குலுங்கின. தம்மையறியாமலே நூலை ஒரு விரற்கடை வலப்புறம் திருப்பி, அவ்வரியின் கீழே விரலை வைத்தார்; மெல்லப் படிப்பவர் ஒருவர் அதைப் படித்து முடிக்க எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு, பக்கத்தைப் புரட்டினார்.