நான் நகர்த்திய பவளம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை கண்ணாடியில் ஒட்டியிருந்த ஒரு தாளிலிருந்து பிறந்தது. "தொடாதீர்கள். இது சாகவில்லை" என்று அதில் எழுதியிருந்தது. எழுதி ஒட்டியவளும் நான்தான். ஆகவே கதை தானாக வந்து என் கதவைத் தட்டியது என்றெல்லாம் கதைவிட முடியாது.

இடம், டயாலிசிஸ் பிரிவின் காத்திருப்பு அறை. வாரத்துக்கு மூன்று காலை, ஒவ்வொரு காலையும் நான்கு மணி நேரம், ஆறு வருடமாக நான் உட்கார்ந்து தேய்த்த நாற்காலி ஒன்று அங்கே இருக்கிறது. கதவுக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் கையில் இரண்டு ஊசியோடு படுத்திருப்பார். அவருடைய ரத்தம் எந்திரத்துக்குள் போய்ச் சுத்தமாகித் திரும்பும். இந்தப் பக்கம் நான், அட்டை கிழிந்த வார இதழ்கள், சின்ன டிவி அளவில் ஒரு கடல்மீன் தொட்டி.

[இந்தப் பத்தியில் 'சோர்வு' என்ற சொல் நான்கு தடவை வந்திருந்தது. நான்கையும் எடுத்துவிட்டேன். எடுத்த பிறகும் ஒன்றும் குறைந்த மாதிரி தெரியவில்லை.]

2

கதையை எப்படித் தொடங்குவது என்று மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

"ஒரு கடலைக் கண்ணாடிப் பெட்டிக்குள் அடைத்த நாளில்" — வேண்டாம். இப்படித் தொடங்கும் கதைகளை நானே இரண்டாம் பக்கத்தில் மூடி வைத்திருக்கிறேன்.

"அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்ட வருடம் எங்களுக்கு" — இது அனுதாபத்துக்குக் கையேந்துகிற வாக்கியம். முடிக்கவில்லை.

"தண்ணிக்காரர் ஒரு பிளாஸ்டிக் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே வந்தார்." இது பரவாயில்லை. நடந்ததும் இதுதான்.

3

தண்ணிக்காரர் என்பது நோயாளிகள் வைத்த பெயர். எந்திரங்களுக்குப் போகும் தண்ணீரைச் சுத்தம் செய்யும் டெக்னீஷியன் அவர். நாற்பது வயதிருக்கும். யாரையோ எழுப்பிவிடக் கூடாது என்பது போலத்தான் எப்போதும் பேசுவார். வீடு மாறியபோது புது வீட்டில் இடமில்லை என்று, தலைமை நர்ஸிடம் கெஞ்சித் தன் தொட்டியை இங்கே கொண்டுவந்து வைத்திருந்தார். அதுவரை அதில் பாறையும் இரண்டு ஆரஞ்சு மீன்களும்தான். அன்றைக்குத்தான் மென்பவளங்கள், கல்லாக இறுகாத உயிருள்ள பவளங்கள், வந்தன. ஒன்று காளான் குடை மாதிரி, உள்ளங்கை அகலம். இன்னொன்று சட்டைப் பொத்தான்களைக் கொட்டிவைத்தது போல ஒரு கொத்து.

பையைப் பிரிக்காமல் அரை மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டார், சூடு சமமாக வேண்டுமாம். பிறகு தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகப் பைக்குள் இறக்கினார். ஒட்டிக்கொண்டிருக்கும் பூச்சிகள் போக மருந்துத் தண்ணீரில் முக்கி எடுத்தார். கடைசியாக, வெளிச்சம் குறைந்த அடித்தரையில் இரண்டையும் தள்ளித் தள்ளி வைத்தார்.

"ஏன் இவ்வளவு தூரம்?" என்று கேட்டேன்.

"பக்கத்துல வெச்சா ஒண்ணுக்கு ஒண்ணு விஷம் கக்கும்க்கா. பாக்கத்தான் பூ மாதிரி."

"கூட்டுக் குடும்பம் ஒத்துவராதுன்னு சொல்லுங்க."

சிரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். "ரெண்டு வாரம் மாடியில பைப்லைன் வேலை. என்னால கீழயே வர முடியாது. மத்த நாள் நர்ஸ் பாத்துக்குவாங்க, நீங்க வர்ற நாள்ல கொஞ்சம் பாத்துக்கிறீங்களா?"

மறுப்பதற்குக்கூடத் தெம்பு வேண்டும். சரி என்றேன். அவர் விரல்விட்டு எண்ணிச் சொன்னார். ஆவியாகிக் குறைகிற அளவுக்குச் சுத்தத் தண்ணீர் மட்டும் ஊற்றணும். உப்புத் தண்ணீர் கூடாது, உப்பு ஆவியாகாமல் உள்ளேயே நிற்கும். விளக்கின் வெளிச்சத்தை மூன்று நாளுக்கு ஒருமுறை கொஞ்சமாகக் கூட்டணும். நீரோட்டம் நேராக முகத்தில் அடிக்கக் கூடாது, மெல்ல அசைந்தால் போதும்.

"முக்கியமா ஒண்ணு. வெச்ச இடத்துல இருக்கட்டும். எடுத்து எடுத்து மாத்தாதீங்க."

[இங்கே ஒரு ஒப்புமை இருந்தது. தொட்டிக்குத் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும். என் வீட்டுக்காரருக்கோ ஒரு நாளைக்கு முக்கால் லிட்டருக்கு மேல் ஆகாது. உப்பு இருவருக்குமே பகை. அழகாகத்தான் வந்தது. நீக்கிவிட்டேன். ஒப்புமைக்குத் தாகம் எடுக்காது. அவருக்கு எடுக்கும்.]

4

வீட்டுக்காரர் என்ற பாத்திரம் எனக்குப் பிடிபடவே இல்லை. முப்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் லிஃப்டின் சத்தத்தைக் கேட்டே அதற்கு என்ன நோய் என்று சொல்லிவிடுவார். இந்தப் பத்தியைத் தவிர மேலே உள்ளதையெல்லாம், படுத்தபடியே ஒரு கையால் பிடித்துப் படித்தார்.

"நான் எங்க வர்றேன்?"

"இனிமேதான்."

"சிடுமூஞ்சியா எழுதாத."

"உள்ளதை எழுதணும்ல."

"அப்ப உன்னையும் உள்ளபடி எழுது. நீ ஒண்ணும் தியாகி இல்ல. நாலு மணி நேரமும் தூங்குறவ."

எழுதிவிட்டேன்.

5

ஐந்தாம் நாள் காளான் பவளம் சுருங்கிவிட்டது. குடை மடங்கி, மேலே மெழுகு பூசியது போல ஒரு பளபளப்பு. நோயாளிகளோடு வந்தவர்கள் ஆளுக்கொரு விரலால் கண்ணாடியைத் தட்டினார்கள். ஒரு பெரியவர் மூடியைத் திறந்து பென்சிலால் குத்திப் பார்த்தார். மாடிக்குப் போய்த் தண்ணிக்காரரைக் கேட்டேன். "தோல் உரிக்கப் போகுதுக்கா. புது இடம் வந்தா இப்படித்தான் மூடிக்கும். ஒரு வாரமோ பத்து நாளோ ஆகும். விட்டுடுங்க." அன்றைக்குத்தான் அந்தத் தாளை ஒட்டினேன்.

அன்று வீடு திரும்பும்போது, காரில், என் வீட்டுக்காரர் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்.

"எனக்குப் போதும்னு தோணுது."

"எது?"

"இதுதான். இந்த ஊசி, இந்தப் போக்குவரத்து. வலின்னு இல்ல. சலிச்சுப்போச்சு."

"டாக்டர்கிட்ட பேசாம நீங்களா எதையாவது…"

"பேசிட்டேன். நிறுத்திக்கலாம், நிறுத்தினா கொஞ்ச நாள்தான், கஷ்டமில்லாம பாத்துக்குவோம்னார். ரெண்டு வாரம் யோசிங்கன்னார். உன்கிட்டதான் இன்னும் பேசல."

சாயங்காலம் பேசலாம் என்றேன். சாயங்காலம் பேசவில்லை. மறுநாளும் இல்லை. பேச்சை எடுத்தால் பதிலும் வந்துவிடுமே என்றிருந்தது.

(இந்த இடத்தில் ஒரு நல்ல எழுத்தாளர் என் மனநிலையை ஒரு பக்கம் எழுதுவார். என்னிடம் அந்த ஒரு பக்கம் இல்லை. அடுத்து நான் செய்ததுதான் இருக்கிறது.)

அடுத்த முறை அவரை உள்ளே அனுப்பிவிட்டு வந்தேன். பவளம் அதே மாதிரி கிடந்தது. எதையாவது சரிசெய்தே ஆக வேண்டும் போலிருந்தது. சட்டென்று கையை முழங்கைவரை தண்ணீருக்குள் விட்டு, அதை அடித்தரையிலிருந்து எடுத்து, விளக்குக்குக் கீழே மேல்பாறையில் வைத்தேன். வெளிச்சம் கிடைத்தால் தேறிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதற்கடுத்த முறை போனபோது அது பாதியாகச் சிறுத்திருந்தது. ஓரம் பழுப்பாகக் கருகியிருந்தது. நர்ஸ் கூப்பிட்டு மாடியிலிருந்து இறங்கி வந்த தண்ணிக்காரர் தொட்டியின் முன்னால் குந்தியிருந்தார். என்னைப் பார்த்து எழுந்தார்.

"நகத்தினீங்களாக்கா?"

"ஆமா."

கோபித்துக்கொண்டால் நன்றாக இருந்திருக்கும். அவர் பவளத்தைப் பழைய இடத்திலேயே இறக்கி வைத்தார், ஈரக் கையைச் சட்டையில் துடைத்தார். "உங்க நல்ல மனசுல பண்ணிட்டீங்க. அதுக்குத் தெரியாதே. அதுக்கு இது இன்னொரு புது இடம், அவ்வளவுதான்."

கழிப்பறைக்குள் போய்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதேன். ஒரு கைப்பிடிப் பிராணிக்காக இவ்வளவு அழ முடியாது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

6

அது சாகவில்லை. ஒரு வாரம் கழித்து, வியாழக்கிழமை, மெழுகுத் தோல் கந்தலாகப் பிய்ந்து நீரோட்டத்தில் போனது. குடை விரிந்தது. அதன் மேல் நூற்றுக்கணக்கான குட்டி விரல்கள் எழுந்து அசைந்தன. கருகிய ஓரம் மட்டும் கொஞ்சம் பள்ளமாகவே நின்றுவிட்டது. நர்ஸ் வந்து பார்த்தார். பென்சிலால் குத்திய பெரியவரும் வந்து பார்த்தார், ஏதோ தன் பென்சிலால்தான் பிழைத்தது போல.

வெளியே வந்த என் வீட்டுக்காரரைத் தொட்டிக்கு முன்னால் நிறுத்தினேன். நான் எதற்காக நிறுத்துகிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. முப்பத்திரண்டு வருடக் கல்யாணம். இரண்டு நிமிடம் நன்றாகப் பார்த்தார்.

"அழகா இருக்கு" என்றார். பிறகு என் தோளில் கை வைத்தார். "ஆனா நான் பவளம் இல்லம்மா."

7

இப்போது முடிவு.

ஒன்று: பவளம் விரிந்ததைப் பார்த்து அவர் மனம் மாறுகிறார். எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் அவர் சொன்னதை நீங்களும் கேட்டீர்கள்.

இரண்டு: போன் வருகிறது, அவருக்குப் பொருத்தமான சிறுநீரகம் கிடைத்துவிட்டது. ஆறு வருடம் அந்தப் போனுக்காகக் காத்திருந்த நானே இதை நம்பவில்லை.

மூன்று: அவர் நிறுத்திவிடுகிறார். வீடு அமைதியாக இருக்கிறது. நான் காலையில் எழுந்து

இல்லை.

இன்று காலை நடந்ததை மட்டும் சொல்கிறேன். டாக்டர் சொன்ன இரண்டு வாரம் நேற்றோடு முடிந்தது. ஏழு மணிக்கு, டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகும் வாடகைக் கார் கீழே வந்து ஹாரன் அடித்தது. வழக்கமாக நான் பால்கனியிலிருந்து குனிந்து "இதோ வர்றோம்" என்று கத்துவேன். அவரிடம் கேட்டுக்கொண்டு அல்ல. ஒரு நாள்கூடக் கேட்டதில்லை.

பால்கனிவரை போய்த் திரும்பி வந்தேன். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். ஊசி குத்திக் குத்தி மேடாகிப்போன கையைத் தடவிக்கொண்டிருந்தார். எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"வண்டி வந்திருக்குங்க. என்ன சொல்லட்டும்?"

அவர் தடவுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் விளையாடவில்லை என்று தெரிந்துகொள்ள அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"சரின்னு சொல்வியா, எதுவா இருந்தாலும்?"

"சொல்வேன்."

மறுபடியும் ஹாரன். அவர் பதில் சொன்னார். மூன்று சொல்தான். அதை இங்கே எழுதமாட்டேன், அது அவருடையது. உங்களுக்குத் தோன்றுவதை நீங்கள் வைத்துக்கொள்ளலாம், கோபித்துக்கொள்ளமாட்டேன்.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய், அவர் சொன்னதை டிரைவரிடம் அப்படியே சொன்னேன்.