நாலு போல்ட்

இரண்டு பதினாலாம் நம்பர் ஸ்பேனர் வேண்டும். ஒன்றால் போல்ட்டின் தலையைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் நட்டைத் திருக வேண்டும். சுவரில் ஒன்றுதான் தொங்கியது. பக்கத்து ஆணி காலி.

லிஃப்டில் உயர்ந்து நின்ற சிவப்புக் காரின் அடியில், கையிலிருந்த ஒற்றை ஸ்பேனரைப் பார்த்தபடி அவள் நின்றாள். சுவருக்கு அந்தப் பக்கம், வீட்டின் முன்னறையில், அப்பா வெள்ளைத் துணிக்குள் கிடந்தார். நேற்று சாயங்காலம் இதே காரின் வேலையை முடித்துவிட்டு, டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்து தண்ணீர் கேட்டவர். அம்மா டம்ளரோடு வருவதற்குள் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டார்.

"இன்னும் என்னத்த நோண்டிக்கிட்டு நிக்கற?" சித்தப்பா உள்ளே வந்தார். இருபது வருஷமாக அப்பாவோடு இதே ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்கிறவர். அழுது முகம் வீங்கியிருந்தது. "வண்டிய இறக்கு. பதினோரு மணிக்கு அண்ணனைக் கொண்டுபோக ஆளுங்க வந்துடுவாங்க. இந்தச் சனியன் நடுவுல நின்னா எந்த வழியா தூக்கறது?"

அந்த வீட்டுக்குத் தனி வாசல் கிடையாது. பால்காரரிலிருந்து கல்யாணப் பத்திரிகை வரை எல்லாமே ஒர்க்‌ஷாப்பின் ஷட்டர் வழியாக, லிஃப்டைத் தாண்டித்தான் உள்ளே வரும். அப்பாவும் அப்படித்தான் வெளியே போக வேண்டும்.

"இறக்கிடறேன் சித்தப்பா. கன்வர்ட்டரை மாட்டிட்டு இறக்கறேன்."

சித்தப்பாவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் குரல் ஏறியது. "அண்ணன் கடைசியா செஞ்ச வேலை அது. அதைக் கழட்டப் போறியா? அதுவும் இன்னைக்கு?"

"இன்னைக்கு விட்டா வண்டி போயிடும். பத்து மணிக்கு ஜிம் மாஸ்டர் வந்து எடுத்துட்டுப் போறாரு. ஊருக்குப் போறாராம்."

"போகட்டுமே! அவன் கேட்டதைத்தான் செஞ்சு வச்சிருக்கு."

அவன் கேட்டது அதுதான். பெரிய சைலன்சர் வேண்டும், கன்வர்ட்டர் வேண்டாம். எஞ்சினுக்கும் சைலன்சருக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும் அந்த இரும்பு டப்பாவின் உள்ளே தேன்கூடு போல ஆயிரம் சிறு கண்கள். புகையின் விஷத்தைப் பாதி வழியில் முறிப்பது அதன் வேலை. ஆனால் சைலன்சர் மாற்ற வரும் பத்துப் பேரில் எட்டுப் பேர், "அதையும் தூக்கிடுங்க, வண்டி நல்லா மூச்சு விடட்டும்" என்பார்கள். வண்டி மூச்சு விட வேண்டுமாம். பின்னால் நிற்கிறவன் மூச்சைப் பற்றி அந்த எட்டுப் பேருக்கும் ஒரு அபிப்பிராயமும் கிடையாது.

அந்தக் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள்தான். படித்து முடித்து, வண்டிகளுக்குத் தகுதி பார்க்கும் சோதனை மையத்தில் சேர்ந்தாள். நாலு மாதத்துக்கு முன்னால் அங்கே ஒரு வெள்ளைக் கார் வந்தது. அடியில் குனிந்து டார்ச் அடித்தாள். கன்வர்ட்டர் அதன் இடத்தில் இருந்தது. ஆனால் டப்பாவின் மேல் முதுகில், எளிதில் கண்ணில் படாத இடத்தில், ஒரு வெல்டிங் கோடு. மீன் செதிலை அடுக்கி வைத்த மாதிரி, ஒன்றுக்கொன்று மயிரிழை கூடப் பிசகாமல். கையெழுத்தை மாற்றி எழுதிவிடலாம். வெல்டிங்கை மாற்றுவது கஷ்டம். விரலை மடக்கித் தட்டினாள். வெறும் தகரச் சத்தம். டப்பாவைப் பிளந்து, தேன்கூட்டைக் கம்பியால் குத்தி எடுத்துவிட்டு, மூடிப் பற்றவைத்திருந்தார் அப்பா.

'தகுதியில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

வண்டிக்காரன் அந்தக் காகிதத்தை அப்பாவின் மூஞ்சியில் விசிறிவிட்டுப் போனான். அவள் வீட்டுக்கு வந்தபோது அப்பா ஷட்டரின் குறுக்கே நின்றுகொண்டிருந்தார்.

"உன்னைப் படிக்க வச்சது இந்த வெல்டிங்தான்."

"அதனாலதான்பா பார்த்ததும் அடையாளம் தெரிஞ்சுது."

அதுதான் இருவரும் பேசிய கடைசிப் பேச்சு. அதன் பிறகு நாலு மாதம் எல்லாம் அம்மா வழியாகத்தான். "இன்ஸ்பெக்டரம்மாவுக்குச் சாப்பாடு போடு." "அப்பாவை மாத்திரை போட்டுக்கச் சொல்லு." மூன்று பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்திருக்கும்போதே.

அதற்காக அவள் வருத்தப்படவில்லை. இந்த நிமிஷம் கூட இல்லை. அதே கார் மறுபடியும் வந்தால் அதையேதான் எழுதுவாள்.

ஆனால் காலையில் ஆக்ஸா பிளேடோடு காரின் அடியில் நுழைந்தபோது அவள் எதிர்பார்த்தது வேறு. கன்வர்ட்டர் இருந்த இடத்தில் ஒரு நேர்க்குழாயை வைத்து இரண்டு பக்கமும் பற்றவைத்திருப்பார், அறுத்துத்தான் எடுக்க வேண்டும் என்று நினைத்தாள். அறுக்க வேண்டியிருக்கவில்லை. குழாயின் இரண்டு முனையிலும் வட்டத் தகடு வைத்து, தகட்டுக்கு இரண்டாக நாலு போல்ட் முடுக்கியிருந்தார். கழற்றினால் பத்து நிமிஷத்தில் கையோடு வந்துவிடும். அலமாரியில் இருந்த இந்தக் காரின் கன்வர்ட்டரை எடுத்துப் பார்த்தாள். அதன் முனைகளிலும் அப்பா பற்றவைத்த அதே தகடு, அதே துளை. அளந்தாள். குழாயும் கன்வர்ட்டரும் ஒரே நீளம்.

"இது எதுக்கு சித்தப்பா இப்படி?"

"எதுக்குன்னா? டெஸ்ட்டுக்குப் போறப்ப கன்வர்ட்டரை மாட்டிக்கலாம். வந்ததும் கழட்டிடலாம். உன்னை மாதிரி ஆளுங்களைச் சமாளிக்கத்தான்." சொல்லிவிட்டு அலமாரியைப் பார்த்தார். "அந்த வெள்ளை வண்டிக்கப்புறம் உங்கப்பா ஒரு கன்வர்ட்டரைக் கூடக் குத்தல, அது தெரியுமா உனக்கு? முழுசா எடுத்து வச்சுடுவாரு. வண்டியில இருந்து எடுத்தது வண்டிக்காரனுக்குச் சொந்தம், என்னைக்காவது வந்து மாட்டச் சொல்லுவான்னு."

அலமாரியில் பன்னிரண்டு கன்வர்ட்டர்கள். ஒவ்வொன்றின் மேலும் சாக்பீஸில் வண்டி நம்பர். வேறு கடைகளில் இதற்குள் அவற்றைப் பழைய இரும்புக்காரனிடம் தள்ளியிருப்பார்கள்.

ஏமாற்றுவதற்கு வசதியான நாலு போல்ட்டும், திருத்துவதற்கு வசதியான நாலு போல்ட்டும் ஒன்றேதான். எதை நினைத்து முடுக்கினார் என்று கேட்டிருந்தால் கூட அவர் அம்மாவிடம்தான் பதில் சொல்லியிருப்பார்.

இன்னொரு பதினாலு வேண்டும். அவள் முன்னறைக்குப் போனாள்.

அறை முழுக்கப் பெண்கள். அம்மா அப்பாவின் தலைமாட்டில் சுவரில் சாய்ந்திருந்தாள். கிரீஸ் கையோடு மகள் வாசலில் வந்து நிற்பதைப் பார்த்து அறையில் அழுகை கொஞ்சம் தணிந்தது, வந்து விழுந்து அழப்போகிறாள் என்று.

"அம்மா, இன்னொரு பதினாலு எங்க?"

"அடிப்பாவி!" அத்தை வாயில் அடித்துக்கொண்டாள். "பெத்தவன் இங்க கிடக்கான், ஸ்பேனர் கேக்குது பாரு! படிச்சது போதும்டி உன் லட்சணத்துக்கு!"

"அத்தை, நீங்க அழுங்க. நான் அப்புறம் வரேன்."

அம்மா மடியிலிருந்து கையை எடுத்தாள். ஸ்பேனர் அவள் கையில்தான் இருந்தது. "சட்டையை மாத்துறப்ப பாக்கெட்ல இருந்துச்சு" என்றாள். "எதுக்கு?"

"சிவப்புக் காருக்குக் கன்வர்ட்டரைத் திருப்பி மாட்டணும்."

அம்மா அப்பாவின் பக்கம் திரும்பினாள். நாலு மாதப் பழக்கம்.

"உங்க பொண்ணு பதினாலு கேக்கறா" என்றாள் அவரிடம்.

அம்மா கொஞ்ச நேரம் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஸ்பேனரை முந்தானையால் துடைத்து மகளிடம் நீட்டினாள். இரும்பு வெதுவெதுப்பாக இருந்தது.

முதல் இரண்டு போல்ட் சுலபமாக வந்தன. மூன்றாவது அடம்பிடித்தது. அவள் காலை ஊன்றி இழுத்துக்கொண்டிருந்தபோது சித்தப்பா வந்து குழாயின் மறுமுனையைத் தாங்கினார். "கையில விழுந்தா அதுக்கும் நான்தான் ஓடணும்" என்று முணுமுணுத்தார்.

கன்வர்ட்டரை ஏற்றி, இரண்டு முனையிலும் புகை கசியாமலிருக்கப் புது கேஸ்கட் வைத்து முடுக்கிக்கொண்டிருக்கும்போது ஜிம் மாஸ்டர் வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு, எண்ணெய்த் தரையில் வெறுங்காலோடு நுழைந்தார். முன்னறைக்குப் போய்ப் பெரிய உடம்பை வளைத்து அப்பாவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு லிஃப்டுக்கு அருகில் வந்து நின்றார்.

"நேத்து சாயங்காலம் கூட போன்ல பேசினாரும்மா. முடிஞ்சுடுச்சு, நாளைக்கு வாங்கன்னாரு." அண்ணாந்து பார்த்தவர் முகம் மாறியது. "இது... நான் கேட்டது இது இல்லையே."

"நீங்க கேட்ட சைலன்சர் பின்னாடி அப்படியே இருக்கு. சத்தம் வேணும்னீங்க, சத்தம் இருக்கு. கன்வர்ட்டரும் இருக்கு."

"அது இருந்தா பவர் அடைக்கும்னு சொல்றாங்களே."

"எடுத்தா மூணு குதிரைசக்தி கூடலாம். காதுக்குத்தான் முப்பது குதிரை மாதிரி கேக்கும். அப்புறம் டாஷ்போர்டுல மஞ்சள் விளக்கு எரியும். அதை அணைக்கறதுக்கு வண்டியோட கம்ப்யூட்டருக்கு ஒருத்தன் பொய் சொல்லிக் கொடுக்கணும். ஒரு குழாய்க்கு எத்தனை பொய் அண்ணே?"

"உங்கப்பா எடுத்துத் தரேன்னு வாக்குக் கொடுத்தாரும்மா."

"அப்பா போயிட்டாரு. நான் இருக்கேன்."

சித்தப்பா தரையைப் பார்த்தார். ஜிம் மாஸ்டர் கழுத்தைத் தடவினார். "வேற கடையில கொடுத்து எடுத்துக்குவேன்."

"எடுத்துக்கங்க. உங்க வண்டி. ஆனா இந்த ஷட்டரைத் தாண்டிப் போறப்ப அது உள்ள இருக்கும்." நட்டை இன்னொரு கால் சுற்று முடுக்கினாள். "உங்க ஜிம் மெயின் ரோட்டுல, சிக்னல் பக்கத்துல தானே? ஜன்னலைத் திறந்து வச்சுக்கிட்டு முப்பது பேரை 'நல்லா இழு, இழுத்து விடு'ன்னு சொல்றீங்க. எதை இழுக்கச் சொல்றீங்கன்னு ஒரு நாள் வெளிய நின்னு பாருங்க."

அவருக்குச் சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது, சாவு வீடு என்று நினைவு வந்து நின்றது.

நாலு போல்ட்டும் இறுகின. இறுகினால் மட்டும் போதாது. பத்து நிமிஷத்தில் மாட்டியதைப் பத்து நிமிஷத்தில் கழற்றவும் முடியும். அவள் பேட்டரியின் வயரைக் கழற்றி வைத்தாள். வெல்டிங் மெஷினை இழுத்து வந்தாள்.

"ஏய், என்ன பண்ற?"

"நட்டைப் போல்ட்டோட சேர்த்துப் பத்தவைக்கறேன் சித்தப்பா. எடுக்கறவன் அறுத்துத்தான் எடுக்கணும். அறுக்கறப்பவாவது ஒரு நிமிஷம் யோசிக்கட்டும்."

"உனக்கு வெல்டிங் வராதேடி."

"ஒட்டினா போதும்."

அவசரத்தில் முகமூடியைக் காணவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு முதல் நட்டைத் தொட்டாள். பொறி சீறியது. மூடிய இமைக்குள்ளும் நீலமாக அடித்தது.

முன்னறையில் அழுகை நின்றது.

அந்த வீட்டில் அந்தச் சீறல் என்றால் ஒரே ஒரு ஆள்தான். அம்மா எழுந்து வந்து இடைக்கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காருக்குக் கீழே புகைக்குள் நிற்பது யார் என்று பார்த்தாள். பார்த்துவிட்டு, கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருந்த முகமூடியை எடுத்து நீட்டினாள்.

"இதைப் போட்டுக்கிட்டுச் செஞ்சா என்ன கெட்டுப்போச்சு?" என்றாள்.

முப்பது வருஷமாகச் சொன்ன அதே வார்த்தை, அதே எரிச்சல். பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய்விட்டாள்.

மீதி மூன்றையும் முகமூடி போட்டுக்கொண்டு முடித்தாள். கோணலும் கட்டியுமாக நாலு பொட்டு. தகட்டின் விளிம்பில் அப்பாவின் செதில்கள் வரிசையாக மின்ன, பக்கத்தில் கோழி கிளறியது போல் அவளுடையவை. யாருடையது எது என்று யாரும் கேட்க வேண்டியிராது.

லிஃப்ட் இறங்கியது. அவள் பேட்டரியை இணைத்ததும் ஜிம் மாஸ்டர் சாவியைத் திருப்பினார். கன்வர்ட்டர் இல்லாத வண்டி மூடிய ஷெட்டுக்குள் கிளம்பினால் கண் எரியும், தொண்டை கட்டும். அவள் பின்னால் போய்க் குழாயின் வாயருகே உள்ளங்கையைக் காட்டினாள். ஈரமாக, சூடாக. யாரும் இருமவில்லை. கார் கனத்த குரலில் பேசிக்கொண்டே பின்பக்கமாக வெயிலுக்குள் போனது.

மணி பத்தே முக்கால். சித்தப்பா தரையில் மரத்தூளைத் தூவி எண்ணெயைக் கூட்ட ஆரம்பித்தார், தூக்குகிறவர்கள் வழுக்கக் கூடாது என்று. கழற்றிய நேர்க்குழாய் டயர் அடுக்கின் மேல் கிடந்தது.

"இதை என்ன செய்ய? பழைய இரும்புல போட்டுடவா?"

"அது சிவப்பு வண்டியோடது சித்தப்பா."

அவள் சாக்பீஸை எடுத்து, குழாயின் மேல் வண்டி நம்பரை எழுதினாள். அலமாரியில் மீதி இருந்த பதினோரு கன்வர்ட்டரின் நம்பர்களையும் போனில் படம் எடுத்துக்கொண்டாள். அந்தப் பதினோரு பேரையும் கூப்பிட்டுப் பேச வேண்டும். இன்றைக்கு அல்ல. பன்னிரண்டாவது இருந்த காலி இடத்தில் குழாயை வைத்தாள். கன்வர்ட்டரைப் போல் அது நிமிர்ந்து நிற்கவில்லை. குறுக்கே வைத்ததில் ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

இரண்டு பதினாலையும் அதனதன் ஆணியில் மாட்டினாள். கையைக் கழுவிக்கொண்டு முன்னறைக்குப் போனாள்.

பதினொன்றுக்கு அப்பாவைத் தூக்கினார்கள். அலமாரியருகே வந்ததும் முன்னால் போனவர் "பார்த்து, இடிக்கும்" என்றார். ஆறு பேரும் குழாயில் படாமல் ஓரடி விலகி, மெதுவாக அதைத் தாண்டிப் போனார்கள்.