புல்வெட்டி நின்ற இடம்

சதுப்புநிலக் காப்பகத்தில் புல்வெட்டும் வண்டி ஓட்டுகிறவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று எல்லோருக்கும் தெரியும். வேலை வாங்கிக் கொடுத்த அக்கா புருஷனுக்கு, அதாவது அங்கே மேற்பார்வையாளராக இருக்கிற அத்தானுக்கு, அது கொஞ்சம் அதிகமாகவே தெரியும்.

இன்று அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. கோடையின் முதல் பூக்களைப் பார்க்கப் பெரிய அதிகாரி வருகிறார். அவர் வருவதற்குள் பாதையோரத்தை மழித்துவிட வேண்டுமாம். கரை முழுக்கப் பொடுதலையும் கரிசலாங்கண்ணியும் பூத்து, வண்ணத்துப்பூச்சி மொய்த்துக் கிடக்கிறது. அதையெல்லாம் வெட்டிவிட்டு, வாடகைக்கு எடுத்த பூந்தொட்டிகளை வரிசையாக வைப்பார்களாம். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல?

போன தடவை எதிர்த்துப் பேசியதற்கே எச்சரிக்கை வாங்கியிருந்தாள். இன்னொரு தடவை என்றால் வேலை போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள்.

பாதித் தூரம் போவதற்குள் ஓர் ஆட்காட்டிக் குருவி கத்திக்கொண்டே ஓடிவந்து, சிறகை விரித்து எதிரே நின்றது. அதன் பின்னால், பூக்களுக்கு நடுவே வெறும் தரையில், கூழாங்கல் மாதிரி நான்கு முட்டைகள். வண்டியை இன்னும் கொஞ்சம் நகர்த்திப் பார்த்தாள். குருவி அசையவில்லை. இத்தனூண்டு பறவைக்கு இருக்கிற துணிச்சல் தனக்கு இல்லையே என்று அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. வண்டியைப் பாதைக்குக் குறுக்கே நிறுத்திச் சாவியை உருவினாள்.

தொட்டிகளோடு வந்த அத்தான் தாம்தூம் என்று குதித்தார். வேலை போய்விடும் என்றார், உன் அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்றார். அவள் இருக்கையை விட்டு எழாமல் சாவியை மட்டும் நீட்டினாள்.

"நீங்களே ஓட்டுங்க அத்தான். அதோ நிக்குது பாருங்க, அது மேல ஏத்திட்டுப் போங்க."

அத்தான் பறவையைப் பார்த்தார். அது அவரையும் விட்டுவைக்காமல் கத்தியது. அவர் சாவியை வாங்கவில்லை. வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"வண்டி ரிப்பேர்னு சொல்லிடறேன். நீ வாயத் திறக்காம இரு."

"வண்டி நல்லாத்தான் இருக்கு. வெட்ட மாட்டேன்னு நான் சொன்னதாச் சொல்லுங்க."

அதிகாரி வந்தார். பாதையை மறித்தது யார் என்று கேட்டார். அத்தான் பூந்தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் சார்" என்றாள் அவள். "நீங்க பாக்க வந்த பூ இதுதான். பாத்துட்டு அந்தப் பக்கமா சுத்திப் போங்க."

வேலை இருக்குமா என்பது நாளைக்குத்தான் தெரியும். அதிகாரி சுற்றிக்கொண்டுதான் போனார்.